பின்தொடை மூன்றாம் தடவை இழுத்துவிட்டது, வலயப் போட்டிக்கு ஐந்து கிழமை. என்ன செய்யலாம்?

களுவாஞ்சி_200 | பெப்ரவரி 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் படிக்கிறேன், 20 வயதுக்குட்பட்ட பிரிவில் 100, 200 ஓடுகிறவன். நேற்று எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி. 200 இறுதியில் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்து காலை நீட்டி எடுத்த இடத்தில் இடது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி ஒரு அடி. உண்மையாகத் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். உடனே இரண்டு பேர் ஓடிவந்து மல்லாக்கக் கிடத்தி, காலை நேரே மேலே தூக்கி, பாதத்தை மடக்கி அமுக்கினார்கள். உயிர் போய் வந்தது.

இதே கால், இதே இடம், இது மூன்றாம் தடவை. போன வருடம் மார்ச்சில் ஒன்று, பிறகு கழகத்துக்குப் பந்தடிக்கும்போது ஒன்று. இரண்டு தடவையும் மூன்று கிழமை சும்மா இருந்தேன், நோ போய்விட்டது, ஓடினேன், திரும்பவும் வந்துவிட்டது. இப்போது நடக்கலாம், ஆனால் படி இறங்கும்போது நோகிறது. தொடையின் நடுவுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம்.

அப்பா முறிவு நெரிவு பரியாரியிடம் எண்ணெய் போட்டு உருவக் கூட்டிப்போகிறேன் என்கிறார். சிநேகிதன் ஒருவன் கொழும்பில் ஏதோ இரத்த ஊசி போட்டால் இரண்டு கிழமையில் ஓடலாம் என்கிறான். வலயப் போட்டிக்கு 35 நாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதுதான் எனக்குக் கடைசி வருடம்.

கல்முனை_விங்கர் | பெப்ரவரி 9, இரவு 10.15

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. மூன்று கிழமை சும்மா இருந்தாய் என்று எழுதியிருக்கிறாய் பார், உன் பிரச்சினை அதுதான். நானும் அப்படித்தான். ஒரு இறுதி ஆட்டத்துக்காகப் பத்தாம் நாள் இறங்கினேன், நடந்தால் நோவில்லை, மெதுவாக ஓடினால் நோவில்லை, சரி என்று நினைத்தேன். 20 நிமிடத்தில் ஒரு நீளப் பந்துக்கு ஓடும்போது முன்னதைவிட மோசமாகப் போனது. அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்தேன். நோ இல்லை என்பதும் தசை தயார் என்பதும் வேறு வேறு.

பழைய_பி.ரி_சேர் | பெப்ரவரி 10, காலை 5.50

மகன், 31 வருடம் பிள்ளைகளை ஓட வைத்தவன் சொல்கிறேன். பூரண ஓய்வு, அதன் பிறகு தினமும் குனிந்து கால்விரல் தொடும் பயிற்சி. தசை இறுகிக் கிடந்தால்தான் அறும். ஓடுவதற்கு முன் நன்றாக நீட்டவில்லை, அதுதான் காரணம். மனதைத் தளர விடாதே. 1992 பார்சிலோனாவில் டெரெக் ரெட்மன்ட் 400 அரையிறுதியில் இதே தசை கிழிந்தும் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

பிசியோ_மட்டுநகர் | பெப்ரவரி 10, பகல் 1.20

சேர், ரெட்மன்ட் கதையைக் கேட்டால் எனக்கும் கண் கலங்கும், ஆனால் எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கிழிந்த காலோடு மிச்சத் தூரத்தை ஓடி முடிக்கிறார்கள். தம்பி, நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். அடி விழுந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

காலைத் தூக்கி அமுக்கியதைப் பற்றியும் சொல்லவேண்டும். அது தசைப்பிடிப்புக்குச் செய்வது. பிடிப்பு என்றால் தசை முழுதும் கல்லாக இறுகும், நீட்டினால் இளகும், அடுத்த நாள் விரல் வைத்து 'இந்த இடம்' என்று காட்ட முடியாது. கிழிவு அப்படியில்லை. ஓட்டத்தின் நடுவில் சட்டென்று வரும், ஒரு இடத்தில் தொட்டால் நோகும், நீட்டினால் கூடும். கிழிந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? எங்கள் மைதானங்களில் யார் விழுந்தாலும் முதல் வைத்தியம் காலைத் தூக்குவதாகத்தான் இருக்கிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஒரு வைத்தியரிடம் காட்டு. உன் வயதில் எனக்கு ஒரு பயம் உண்டு. இந்தத் தசைகள் தொடங்குவது நாம் உட்காரும்போது கதிரையில் படுகிற எலும்பில். வளரும் வயதில் அந்த எலும்பின் நுனி முழுதாக ஒட்டியிருக்காது, தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பிடுங்கிக்கொண்டு வரலாம். உனக்கு நோ நடுத்தொடையில் என்பதால் அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் மூன்றாம் தடவை, ஒரு எக்ஸ்ரே நட்டமில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும்: உட்காரும் எலும்பில் நோ, 'டப்' என்ற சத்தம், இரண்டொரு நாளில் தொடையின் பின்பக்கம் முழங்கால் வரை கருநீலம், கால் வைத்து நடக்க முடியாமை, காலில் விறைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தசைநாண் எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்திருந்தால் சத்திரசிகிச்சை வேண்டுமா என்று முதல் சில கிழமைகளுக்குள் முடிவெடுக்க வேண்டும், தள்ளிப்போனால் தைப்பதும் கஷ்டம்.

மற்றபடி முதல் இரண்டு மூன்று நாள், நோ விடுகிற அளவுக்கு நட. கிரேப் பேண்டேஜ் சுற்று. ஐஸ் வேண்டுமானால் துவாயில் சுற்றி 10, 15 நிமிடம் வை (மீன் கடை ஐஸும் ஐஸ்தான், நேரே தோலில் வைக்காதே). சூடு, உருவல், நீட்டல் மூன்றும் இப்போது வேண்டாம்.

ஊசியைப் பற்றி: உன் இரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துத் திரும்பத் தசைக்குள் ஏற்றுவார்கள். நெதர்லாந்தில் 80 விளையாட்டு வீரர்களைப் பிரித்து ஒரு பாதிக்கு அந்த ஊசியும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள், 2014இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் மைதானத்துக்குத் திரும்ப எடுத்த நாள் 42. உப்புநீருக்குக் கொழும்பு போக வேண்டியதில்லை.

ஆரையம்பதி_மாமா | பெப்ரவரி 10, மாலை 6.05

பிள்ளை படித்ததைச் சொல்கிறது, சரி. ஆனால் எங்கள் அப்பப்பா காலத்திலிருந்து எண்ணெய் போட்டு உருவித்தான் நடந்திருக்கிறோம், ஒருவரும் முடமாகவில்லை. இங்கிலிஷ் வைத்தியத்துக்குப் போனால் ஒரு குளிசையும் 'ரெஸ்ட் எடு' என்ற ஒரு வசனமும், அவ்வளவுதான். பரியாரி கை வைத்தால் அந்த நரம்பு இருக்கிற இடத்துக்குத் திரும்பும்.

பிசியோ_மட்டுநகர் | பெப்ரவரி 10, இரவு 8.30

மாமா, 'குளிசையும் ரெஸ்டும்' என்று சொன்னீர்களே, அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இது நரம்பு இடம் மாறியது இல்லை. ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம், இது தசை, அதன் இழைகள் அறுந்து உள்ளே இரத்தம் கசிந்து நிற்கிறது. முதல் நாட்களில் அழுத்தி உருவினால் கசிவு கூடும். மூன்று நான்கு கிழமை கழித்து மெதுவாக எண்ணெய் தடவினால் சுகமாக இருக்கும், அதை நான் ஏன் மறுக்கப்போகிறேன்? ஆனால் அதனால் தசைக்குப் பலம் வராது. பலம் வராததால்தானே தம்பிக்கு மூன்று தடவை.

வாழைச்சேனை_எல்லே | பெப்ரவரி 10, இரவு 9.00

எனக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே நோ, அதற்கும் இதே ஐஸ்தானா?

கல்முனை_விங்கர் | பெப்ரவரி 10, இரவு 9.02

அதற்குத் தனியாக ஒரு இழை போடு ராசா.

களுவாஞ்சி_200 | பெப்ரவரி 12, மாலை 4.30

ஓ.பி.டி.யில் காட்டி எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு சுகம். கிழிவு நடுத்தரம் என்றார் டொக்டர், பிசியோதெரபிக்குத் துண்டு தந்தார், திகதி அடுத்த மாதம்தான் கிடைத்தது. அதுவரை சும்மா இருப்பதா மிஸ்? பி.ரி. சேர் சொல்கிற மாதிரி குனிந்து தொட்டுப் பார்த்தேன், இழுக்கிறது.

பிசியோ_மட்டுநகர் | பெப்ரவரி 12, இரவு 9.15

குனிந்து தொடாதே என்று சொல்லியாயிற்று!

சும்மாவும் இருக்காதே. டென்மார்க்கில் தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை கிழிந்த 50 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி இரண்டாம் நாளே மெதுவாகப் பயிற்சி தொடங்கியது, மற்றது ஒன்பதாம் நாள். முந்தித் தொடங்கியவர்கள் 62 நாளளவில் விளையாடினார்கள், பிந்தியவர்களுக்கு 83 நாள் ஆனது. ஒரு கிழமை சும்மா இருந்ததற்கு விலை மூன்று கிழமை.

ஏன் இந்தத் தசை அறுகிறது என்று முதலில் விளங்கிக்கொள், பிறகு நான் தருகிற பயிற்சி ஏன் இப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும். வாவியில் வீச்சுவலை எறிகிறவர்களைப் பார்த்திருப்பாய். வலை விரிந்து பறக்கும், மணிக்கட்டில் கட்டிய கயிறு அதன் பின்னாலேயே ஓடி, கடைசியில் வெடுக்கென்று பிடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது உன் கீழ்க்கால் முன்னால் வீசப்படுகிறது, பாதம் நிலத்தில் படுவதற்குச் சற்று முன்பு அதைப் பிடித்து நிறுத்துகிற கயிறு பின்தொடைத் தசை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டும், அதுதான் அதற்குக் கஷ்டமான வேலை. பெரும்பாலும் அறுவது வெளிப்பக்கத் தசை, உனக்கு நோகிற அதே பக்கம். ஆகவே சுருங்கும்போது பலமாக இருந்தால் போதாது, நீளும்போது பலம் வேண்டும்.

சுவீடனில் கார்ல் ஆஸ்க்லிங் என்பவர் இதற்கு மூன்று பயிற்சி வைத்தார், சாமான் ஒன்றும் தேவையில்லை. ஒன்று, மல்லாக்கப் படுத்து, நோகும் காலின் தொடையை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக நீட்டு, நோ வருவதற்குச் சற்று முன்பே நிறுத்து. 12 தடவை வீதம் 3 சுற்று, தினமும் இரண்டு வேளை. இரண்டாவது, அந்த ஒற்றைக்காலில் நின்று, தண்ணீரில் பாயப்போகிறவன் மாதிரி கைகளை முன்னே நீட்டி இடுப்பிலிருந்து சாய்ந்து, மற்றக் காலைப் பின்னே தூக்கு. 6 வீதம் 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது, கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் நோகும் காலின் குதியில் வைத்து, மற்றப் பாதத்துக்குக் கீழே ஒரு துணியைப் போட்டு சீமெந்து நிலத்தில் பின்னோக்கி வழுக்க விடு, திரும்பி வரும்போது கைப்பலத்தால் வா. 4 வீதம் 3 சுற்று, மூன்று நாளுக்கு ஒருக்கால். நோ வந்தால் குறை, வராவிட்டால் தூரத்தையும் வேகத்தையும் கூட்டு.

இதற்கிடையில் குதியைக் கதிரையில் வைத்து ஒற்றைக்காலில் இடுப்பைத் தூக்கி இறக்கி, இரண்டு காலுக்கும் எத்தனை முடிகிறது என்று எண்ணிச் சொல். நோ பொறுக்கிற அளவுக்குத்தான்.

அடுத்ததை எழுத எனக்கும் விருப்பமில்லை. இதே ஆஸ்க்லிங் ஓட்டக்காரர்களையும் பாய்தல்காரர்களையும் தனியாகப் பார்த்தபோது இந்தப் பயிற்சி செய்தவர்களுக்கே மைதானத்துக்குத் திரும்பச் சராசரி 49 நாள் ஆனது. வழமையான பயிற்சி செய்தவர்களுக்கு 86. உனக்கு இருப்பது 35, அதுவும் மூன்றாம் தடவைக் கிழிவு.

களுவாஞ்சி_200 | பெப்ரவரி 12, இரவு 9.50

அப்படியென்றால் வலயம் இல்லையா மிஸ்

கல்முனை_விங்கர் | பெப்ரவரி 12, இரவு 10.20

தம்பி, நான் பதில் சொல்கிறேன், மிஸ் சொன்னால் உனக்கு இன்னும் நோகும். நீ 35ஆம் நாள் ஓடலாம், ஒருவரும் கட்டிப் போடமாட்டார்கள். திரும்பக் கிழிகிறவர்களில் நிறையப் பேருக்கு அது நடப்பது மைதானத்துக்குத் திரும்பிய முதல் சில கிழமைகளில்தான். என்னுடையது 20ஆம் நிமிடத்தில். வலயத்தில் ஓடி வென்றாலும் அடுத்தது மாகாணம், அதற்குள் காலில் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசி.

பழைய_பி.ரி_சேர் | பெப்ரவரி 13, காலை 5.40

மகள், நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். பயிற்சி சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் காலத்தில் ஸ்பைக்ஸ் இல்லை, பிசியோ இல்லை, பிள்ளைகள் வெறுங்காலில் ஓடினார்கள், இவ்வளவு கிழிவு இல்லை. இப்போது ஒவ்வொரு இல்ல விளையாட்டிலும் இரண்டு மூன்று பேர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். நீட்டாமல் ஓடுவதால் இல்லையென்றால் பின்னே எதனால்?

பிசியோ_மட்டுநகர் | பெப்ரவரி 13, பகல் 12.45

நல்ல கேள்வி சேர். கிழிவு கூடுவது இங்கே மட்டும் இல்லை. ஐரோப்பாவின் பெரிய உதைபந்தாட்டக் கழகங்களில் 2001இல் மொத்தக் காயங்களில் 12 வீதம் பின்தொடை, 2021-22 பருவத்தில் 24 வீதம். அவர்களிடம் இல்லாத பிசியோவா?

ஆனால் எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு காரணம் இருக்கிறது, எனக்குத் தெரிந்து அதை ஒருவரும் பேசுவதில்லை. மாரியைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி நடுவரை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பாதிப் பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் நிற்கும், மாடு மேயும், கொக்கு நிற்கும், பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். உயர்தரப் பிள்ளைகள் அந்த மூன்று மாதமும் ரியூஷன் வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் வற்றியதும் இல்ல விளையாட்டுத் திகதி வரும், இரண்டு மூன்று கிழமையில் தெரிவு ஓட்டம், அணிநடைப் பழக்கம், பிறகு ஒரே நாளில் 100, 200, அஞ்சலோட்டம், நீளம் பாய்தல் எல்லாவற்றிலும் அதே பிள்ளை. மூன்று மாதம் முழு வேகத்தையே காணாத தசையை ஒரே நாளில் ஆறு தடவை முழு வேகத்துக்கு விடுகிறோம். பழைய காலத்துப் பிள்ளைகள் மாரியிலும் ஓடியாடித் திரிந்தார்கள் சேர், வித்தியாசம் வெறுங்காலில் இல்லை.

நீட்டுவது கெடுதல் என்று சொல்லவில்லை. ஆனால் நின்ற இடத்தில் குனிந்து விரல் தொடுவதால் இந்தக் கிழிவு குறைந்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. குறைத்தது என்று காட்டப்பட்டது 'நோர்டிக்' என்கிற பயிற்சி. முழங்காலில் நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை நேராக வைத்துக்கொண்டு முடிந்த அளவு மெதுவாக முன்னே சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழ வேண்டும். டென்மார்க்கில் 942 உதைபந்தாட்டக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 கிழமை இதைக் கொடுத்தார்கள். செய்தவர்களில் 15 கிழிவு, செய்யாதவர்களில் 52. முதல் கிழமை ஒரே ஒரு நாள், 5 வீதம் 2 சுற்று, அவ்வளவுதான். பிறகு கிழமைக்கு மூன்று நாள் வரை மெல்ல மெல்ல ஏற்றுவது. முதல் நாளே 30 செய்ய வைத்தால் அடுத்த நாள் பிள்ளை மலசலகூடத்தில் உட்கார முடியாமல் உங்களைத் திட்டும், மறுகா அந்தப் பக்கமே வராது. இதற்கு மைதானம் தேவையில்லை. வகுப்பறையில் ஒரு பாய் போதும்.

ஆரையம்பதி_மாமா | பெப்ரவரி 13, இரவு 7.10

கொக்கு நிற்கும் என்றது உண்மை 😀

களுவாஞ்சி_200 | மார்ச் 3, இரவு 8.20

23ஆம் நாள். இடுப்புத் தூக்குவதில் தொடக்கத்தில் இடது 9, வலது 24. இப்போது இடது 17. இந்த வித்தியாசம் போன வருடமே இருந்திருக்கும், நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வழுக்கும் பயிற்சிக்கு அம்மாவின் பழைய சேலைத் துண்டு. மெதுவோட்டம் தொடங்கியாயிற்று.

வலயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. என் இடத்தில் ஓடப்போகிறவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனமில்லை.

பிசியோ_மட்டுநகர் | மார்ச் 3, இரவு 10.00

எழுத வேண்டாம். ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். முழு வேகத்தை 10 என்று வை. 6இல் நோவில்லாமல் இரண்டு நாள், அதன் பிறகு 7, அப்படியே ஏறு. 8க்கு மேல்தான் ஆபத்தான இடம், அங்கே அவசரப்படாதே, ஆனால் அங்கே போகாமலும் விடாதே. 8இலேயே நின்றுவிட்டுப் போட்டியன்று 10க்குப் போவதுதான் முன்பு இரண்டு தடவை நீ செய்தது. கடைசியில் ஒரு சோதனை: மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காமல், காலை முடிந்த வேகத்தில் மேலே வீசு. நோ இல்லாவிட்டாலும் மனதில் 'கவனம்' என்று ஒரு பயம் தட்டினால் இன்னும் ஒரு கிழமை.

களுவாஞ்சி_200 | ஏப்ரல் 2, மாலை 6.40

53ஆம் நாள். முழு வேகத்தில் 60 மீற்றர் நான்கு தடவை, இது மூன்றாவது நாள், ஒன்றும் இல்லை. வீசிப் பார்த்தேன், பயமும் இல்லை. இடது 25, வலது 27. நோர்டிக்குக்குத் தங்கச்சி கணுக்காலில் உட்காருகிறாள், நடுவில் போன் அடித்தால் எழும்பிப் போய்விடுகிறாள், ஒரு தரம் மூக்கு நிலத்தில் பட்டது. அந்தத் தம்பி மாகாணத்துக்குப் போகிறான். அவனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய_பி.ரி_சேர் | ஏப்ரல் 3, காலை 5.45

சந்தோஷம் மகன். மகள், நான் இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சும்மா போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். வரும் மாரிக்கு நோர்டிக் வகுப்பறையில், சரி. முழு வேக ஓட்டத்துக்கு எங்கே போவது? மைதானம் குளம். தார் றோட்டில் விடலாமா?

பிசியோ_மட்டுநகர் | ஏப்ரல் 3, இரவு 9.30

தார் றோட்டில் வாகனமும் இருக்கிறது, முழங்காலும் இருக்கிறது, வேண்டாம் சேர். மழை விட்ட நாளில் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணல், சரிவில்லாத இடமாகப் பார்த்து. காய்ந்த மணலில் காலே புதையும், வேகம் வராது. கிழமைக்கு இரண்டு நாள், நன்றாகச் சூடேற்றிவிட்டு, 40, 50 மீற்றர் நான்கைந்து தடவை முழு வேகத்துக்குக் கிட்டப் போனால் போதும். ஒரே பிள்ளையை நாலு போட்டிக்குப் போடாதீர்கள் என்று இல்லத் தலைவர்களிடம் சொல்வது உங்கள் பொறுப்பு, நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

ஆரையம்பதி_மாமா | ஏப்ரல் 15, காலை 7.30

மகள், ஒரு விஷயம், சிரிக்கக் கூடாது. நேற்றுப் பின்னேரம் வருஷ விளையாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டம் என்று பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதித் தூரத்தில் பின்தொடையில் 'டப்' என்றது. எண்ணெய் இன்னும் போடவில்லை. அந்த ஐஸ் எத்தனை நிமிடம் என்றீர்கள்?

களுவாஞ்சி_200 | ஏப்ரல் 15, காலை 7.41

மாமா யாரையும் காலைத் தூக்க விடாதீங்க!!

பிசியோ_மட்டுநகர் | ஏப்ரல் 15, காலை 8.05

15 நிமிடம், துவாயில் சுற்றி. சிரிக்கவில்லை மாமா. சத்தம் கேட்டது என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: கதிரையில் உட்காரும்போது அந்த எலும்பில் நோகிறதா? தொடையில் கருநீலம் இறங்கியிருக்கிறதா, மாமியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் ஐஸை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இங்கே பதில் எழுதுவது பிறகு.